பச்சைப் புள்ளி வைத்த பந்துகள்

ஆடிட்டரிடம் பந்துக்காரர் பட்ட கடன் முப்பத்தெட்டாயிரம். கோல்ஃப் மைதானத்து வாசலை ஒட்டி எட்டடிக்கு ஆறடியில் ஒரு கடை போடுவதற்காக வாங்கியது. வட்டி கிடையாது. ஆனால் தவணை தவறக் கூடாது என்று ஆடிட்டர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அந்தத் தாளில் பந்துக்காரருக்குப் படிக்கத் தெரிந்தது எண்கள் மட்டும்தான். முப்பத்தோரு மாதத்தில் அடைத்து முடித்தார். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. நடுவில் ஒரு மாதம் மனைவியின் காதில் கிடந்தது போனது, அது வேறு கதை. கடைசித் தவணையைக் கொடுத்த அன்று ஆடிட்டர் தாளை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"இன்னையோட நீ எனக்குக் கடன்காரன் இல்ல. நான் உன்கிட்ட பந்து வாங்குறவன், நீ விக்கிறவன். ஓசியில ஒரு பந்து நீட்டினாலும் சரி, அன்னையோட உன் கடைப் பக்கம் வரமாட்டேன்."

அது ஆகிப் பத்தொன்பது வருஷம். ஆடிட்டரும் சொன்ன சொல் மாறவில்லை, பந்துக்காரரும் ஓசியில் எதையும் நீட்டவில்லை. அவரவர் மானம் அவரவருக்கு.

பந்துக்காரர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். பதினொரு வயதில் அந்த மைதானத்துக் குளத்தில் குதித்தார். ஏழாவது குழிக்குப் போகிற வழியில், அடிக்கிற மேடைக்கும் பச்சைப் புல்தரைக்கும் நடுவே குறுக்கே படுத்திருக்கிற குளம் அது. பணக்காரர்கள் அடிக்கிற பந்தில் பாதி அதற்குத்தான் போகும். சேற்றுக்குள் கால் விரலால் துழாவி, ஒரு மூச்சுக்கு நாலு பந்து என்று எடுத்துக்கொண்டு மேலே வருவார். மற்றவர்கள் ஒரு மூச்சுக்கு இரண்டு எடுத்தாலே பெரிய காரியம். முக்குளிப்பான் என்று அப்போது அவருக்குப் பெயர். இரண்டு காதிலும் சீழ் வடிந்த வருஷங்கள் உண்டு. பஞ்சை அடைத்துக்கொண்டு குதித்தார். அப்படிக் குதித்துத்தான் வீடு கட்டினார், இரண்டு பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கினார், வாசலில் தன் பெயரில் கடை போட்டார். அந்த மைதானத்தில் உறுப்பினராக இருந்த ஆலை முதலாளிகளில் மூன்று பேர் திவாலானார்கள். பந்துக்காரர் ஒரு நாள்கூடக் கடையை மூடவில்லை. இதை அவர் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொல்வார். சொல்வதில் தப்பும் இல்லை, உண்மைதானே.

குளத்துப் பந்தை அப்படியே விற்பவர்கள் இருக்கிறார்கள். அது காசு வராத வேலை. பந்துக்காரர் பந்துகளை மொத்தமாக ஒரு நீல டிரம்மில் போட்டு, பழைய பெயிண்ட் கழன்று வரும்படி ஒரு கரைசலில் ஊறவைப்பார். ஊறிய பந்தைத் தேய்த்து, காயவைத்து, மறுபடியும் வெள்ளை அடித்து, முட்டை அட்டைகளில் வரிசையாக அடுக்குவார். அடுக்கியதும் பார்த்தால் கோழி இப்போதுதான் இட்டுவிட்டுப் போனது போலப் பளபளவென்று இருக்கும். ஆனால் பெயிண்ட் போகும்போது கம்பெனிப் பெயரும் போய்விடும். எது இறுக்கமான பந்து, எது மெத்தென்ற பந்து என்று பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே வெள்ளை.

அங்கேதான் பந்துக்காரரின் வித்தை. பழைய மட்டையின் இரும்புத் தலை ஒன்றைக் கையில் வைத்திருப்பார். பந்தைக் காதருகே பிடித்து ஒரு தட்டு. இறுக்கமான பந்து 'டிக்'கென்று கண்ணாடியில் நகம் பட்டது போலப் பேசும். மெத்தென்றது 'டொப்'பென்று வாய்க்குள்ளேயே முனகும். 'டிக்'குக்குச் சிவப்புப் புள்ளி, 'டொப்'புக்குப் பச்சைப் புள்ளி. அவர் தட்டி நிறத்தைச் சொல்லச் சொல்ல, எதிரே உட்கார்ந்து மனைவி தூரிகையால் புள்ளி வைப்பாள்.

"டிரம்முல போடறதுக்கு முன்னாடியே பேரைப் பார்த்துப் பிரிச்சு வச்சா என்னங்க?" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டாள்.

"எழுத்தை நம்பறவன் படிச்சவன். நான் என் காதை நம்பறவன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பச்சை, சிவப்பு என்று பிரிப்பதன் பொருளை அவர் யாருக்கும் பொறுமையாகச் சொல்வார். வேகமாக வீசுகிறவனுக்கு இறுக்கமான பந்து வேண்டும். அவன் அடிக்கிற அடியில் அது நசுங்கி, விரிந்து, அந்த விரிகிற வேகத்தில்தான் பறக்கும். கை தளர்ந்தவன் அதே பந்தை அடித்தால் அது நசுங்காது. கருங்கல்லை அடித்தது போல அதிர்வு அப்படியே முழங்கை வரை ஏறும், பந்து கொஞ்ச தூரம் போய்ச் சோர்ந்து விழும். அவனுக்கு மெத்தென்ற பந்துதான். சின்ன அடியையும் வாங்கிக்கொண்டு எழும்பும். வயசானவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பச்சை கேட்பதற்கு வெட்கப்பட்டுச் சிவப்பு வாங்கிக்கொண்டு போய்க் குளத்தில் போடுவார்கள். பந்துக்காரர் மறுபடியும் எடுத்து மறுபடியும் விற்பார். ஆனால் அவருக்குப் பிடித்தவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுவார்.

ஆடிட்டர் பிடித்தவர்.

ஆடிட்டருக்கு ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது இடது பக்கம் இழுத்துக்கொண்டது. எட்டு மாதம் படுக்கை, பிறகு கைத்தடி. கால் ஓரளவு திரும்பியது, இடது கை பாதிதான் திரும்பியது. விரல் மடங்கும், ஆனால் இறுகாது. ஒன்பதாவது மாதம் அவர் மகள் காரில் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கினாள்.

"வாங்க சார்! நீங்க இல்லாம மைதானமே வெறிச்சோடிக் கிடந்துச்சு."

"மைதானமா? மாசம் ரெண்டு டஜன் விக்காம உன் கல்லாதான் வெறிச்சோடியிருக்கும்."

"அதுவும்தான் சார்."

மகள் சிரிக்கவில்லை. "டாக்டர் நடக்கலாம்னுதான் சொன்னாரு அங்கிள். மெதுவா அடிக்கிறதா இருந்தா அடிக்கலாமாம். இழுத்துப் பிடிச்சு எதுவும் செய்யக் கூடாதாம். இவரு கேட்க மாட்டேங்கிறாரு, நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

"நீ போய் வண்டியில உட்காரும்மா" என்றார் ஆடிட்டர். அவள் போனதும் குரலை இறக்கினார். பந்துக்காரர் முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. "எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். ஏழாவதுல அந்தக் குளத்தை ஒரு தடவை தாண்டிடணும். நூத்திப் பத்துக் கஜம். முன்னெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுத் தாண்டுவேன், உனக்கே தெரியும். அதைத் தாண்டிட்டா நான் மறுபடியும் எந்திரிச்சிட்டேன்னு அர்த்தம். தாண்டலேன்னா மட்டையை வித்துட்டு வீட்டோட கிடந்துடறேன்."

பந்துக்காரர் ஒரு மட்டையை எடுத்துக் கொடுத்து, கடைக்கு முன்னால் வெறும் காற்றில் வீசச் சொன்னார். இரண்டு தரம் பார்த்தார். முன்பு இருந்ததில் பாதி வேகம், அதற்கும் கொஞ்சம் குறைவு.

"வழக்கமான சிவப்பே ஒரு டஜன் போடு."

"சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"முதல்ல சொல்லு. கோவிச்சுக்கலாமா வேண்டாமான்னு அப்புறம் பார்க்கறேன்."

"உங்களுக்கு இனிமே பச்சைதான்."

"பச்சை கிழவனுங்க பந்துய்யா!"

"நாம என்ன குமரனுங்களா சார்?"

ஆடிட்டர் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அப்பா சிரிப்பதை மகள் காருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

இதுவரை பந்துக்காரர் சொன்னது அத்தனையும் சரி. இன்றைக்குப் பெரிய பெரிய கடைகளில் இயந்திரம் வைத்து வீச்சின் வேகத்தை அளந்து சொல்வதை அவர் வெறுங்கண்ணால் பார்த்துச் சொன்னார். பச்சைப் புள்ளி அட்டையை இழுத்தார். ஆடிட்டருக்கு என்பதால் அட்டையிலிருந்து அப்படியே எடுத்துப் போடவில்லை. ஒவ்வொன்றாகக் காதில் வைத்து மறுபடியும் தட்டினார். டொப், டொப், டொப். இருப்பதிலேயே மெத்தென்று பேசிய பன்னிரண்டைப் பொறுக்கி வலைப்பையில் போட்டுக் கொடுத்தார். ஒன்று முப்பத்தைந்து. நானூற்று இருபதை ஆடிட்டர் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்தார். முகம் இறங்கிக் கிடந்தது. பின்னால் அவருடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு ஒட்டகம் நின்றான். கழுத்தை முன்னால் நீட்டி நீட்டி நடப்பான், பதினைந்து வருஷமாக ஆடிட்டருக்குப் பை தூக்குகிறவன்.

"பன்னிரண்டும் குளத்துல. ஒண்ணுகூடப் பாதிக் குளம் தாண்டல. அடிச்சா கையெல்லாம் அதிருது. கல்லு மாதிரி இருக்குய்யா பந்து."

"பந்துல குறை இருக்காது சார். நானே தட்டி எடுத்தது."

"அப்போ என் கையிலதான் குறைங்கிறே."

"எட்டு மாசம் தூங்கின கை சார். முழிக்க நாளாகும். இன்னொரு டஜன் தரேன், எடுத்துக்கிட்டுப் போங்க."

நானூற்று இருபதை எண்ணி வைத்துவிட்டு எடுத்துப்போன அந்த டஜனும் குளத்துக்குப் போயிற்று. மூன்றாவது டஜன் வாங்க ஆடிட்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். பணத்தை வைத்துவிட்டு நின்றார். பந்துக்காரருக்கு மனசு கேட்கவில்லை. தன் பந்தை எடுத்துக்கொண்டு போய் ஒரு மனிதர் இப்படித் தலை குனிந்து நிற்பதா என்று ரோஷமாகவும் இருந்தது. அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"நீங்க பயந்துக்கிட்டு அடிக்கிறீங்க சார். அதான் போகல. இந்தத் தடவை கொஞ்சம் இழுத்து அடிங்க. நல்லா இழுத்து. பந்து என் பொறுப்பு."

புதன்கிழமை பத்து மணிக்கு ஒட்டகம் ஓடி வந்தான். மட்டைப் பை தோளில் இல்லை.

"அண்ணே, ஆடிட்டர் சார் விழுந்துட்டாரு."

நாலாவது பந்தில் இழுத்து அடித்திருக்கிறார். மட்டை பந்தில் பட்டு உதறியதும் இடது கை பிடியை விட்டுவிட்டது. கால் நிற்கவில்லை. நல்ல கையாகிய வலது கையை ஊன்றி மேடையிலிருந்து சரிந்து விழுந்தார். தோள் மூட்டு விலகி, உள்ளே தசைநார் அறுந்துவிட்டது. விழுந்தவர் கத்தவில்லையாம். பந்து எங்கே போயிற்று என்றுதான் ஒட்டகத்தைக் கேட்டாராம்.

"எங்கே போச்சு?"

"குளத்துலதான் அண்ணே, வேறெங்க. நான் ஒண்ணு சொல்றேன், அடிக்க வராதீங்க. ஆம்புலன்ஸ் வர்றவரைக்கும் கையில இருந்த ஒரு பந்தை நான் அடிச்சுப் பார்த்தேன். எனக்கே சுரீர்னு ஏறுச்சு. அது பச்சையில்ல அண்ணே."

"பை தூக்குறவன் எனக்குப் பந்து சொல்லித் தர்றியா?"

"சொல்லித் தரல அண்ணே. என் கை சொன்னதைச் சொன்னேன்."

"போடா வேலையைப் பார்த்துக்கிட்டு!"

ஒட்டகம் ஒரு பந்தைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டுப் போனான். பந்துக்காரர் அதை எடுத்துக் காதில் வைத்துத் தட்டினார். டொப். பச்சைதான். கோபம் இன்னும் ஏறியது. கடைக்குப் பின்னால் மனைவி டிரம்மருகே உட்கார்ந்து பந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கொண்டுபோய் நீட்டினார்.

"கேளு. இது என்ன?"

தட்டினார். அவள் ஈரக் கையை மடியில் துடைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வாயைத் திறந்து சொல்லேண்டி."

"சிவப்பு."

"உனக்கு என்ன தெரியும்?"

"இருபத்தேழு வருஷமா எதிர்ல உட்கார்ந்து நானும் கேட்டுக்கிட்டுதான இருக்கேன்" என்றாள். எழுந்து அவருக்குப் பின்னால் போனாள். "திரும்பாதீங்க. நான் தட்டறேன், நீங்க சொல்லுங்க."

தட்டினாள்.

"பச்சை."

தட்டினாள்.

"பச்சை."

"இது?"

"பச்சைதான். எல்லாத்தையும் பச்சையா எடுத்துத் தட்டினா வேற என்ன சொல்வேன்?"

"மூணும் சிவப்புங்க. இப்பத் தட்டினது டிரம்முல போடாத புதுப் பந்து, பேரு அழியாம இருக்கு. ஆலை முதலாளி மகன் அடிக்கிறது. உள்ளூர்லயே அதைவிட இறுக்கம் கிடையாது."

பந்துக்காரர் திரும்பினார். அவள் சண்டைக்கு நிற்பது போலில்லை. பயந்து போனவள் போல நின்றாள்.

"பச்சைப் பெயிண்ட் பாட்டில் மாசத்துக்கு ஒண்ணு வாங்கறோம். சிவப்பு ரெண்டு வருஷமா அதே பாட்டில்தான், அடியில கட்டியாப் போச்சு. ஒரு தடவை கேட்டேனே, ஞாபகம் இருக்கா? மெதுவா அடிக்கிறவனுங்க பந்துதாண்டி குளத்துல அதிகம் விழும்னு சொன்னீங்க. நானும் அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன். டிவியை அலற வைக்கிறீங்க. குழாய் திறந்து கிடந்தா தெரிய மாட்டேங்குது. மூணு வருஷமா நான் பேசறதெல்லாம் கத்தறதாத்தான் இருக்கு. தெருவுல எல்லாரும் என்னை வாயாடிங்கிறாங்க."

அவர் ஒட்டகம் கொண்டுவந்த பந்தை எடுத்துக்கொண்டார். வலது பக்கம் மூலையில் இரும்புக் கவ்வி இருந்தது. பச்சைப் புள்ளி வைத்த பந்தை அதில் மாட்டி, இரும்பு அறுக்கிற ரம்பத்தால் அறுத்தார். மெத்தென்ற பந்தை அறுத்தால் உள்ளே ஒரே உருண்டைதான் இருக்கும், மேலே ஒரு தோல். இறுக்கமானதில் மரத்தை வெட்டினால் வளையம் தெரிவது போல இரண்டு மூன்று அடுக்கு தெரியும். அறுத்தது இரண்டாகப் பிளந்து விழுந்தது. மூன்று அடுக்கு. அட்டையிலிருந்து இன்னொன்றை எடுத்து அறுத்தார். மூன்று அடுக்கு. மொத்தம் ஆறு பந்து அறுத்தார். ஒன்றுதான் நிஜமாகவே பச்சை. மதியச் சோற்றுக்கு மனைவி கூப்பிட்டது அவருக்குக் கேட்டதா, கேட்கவில்லையா என்று தெரியாது. போகவில்லை.

உயர்ந்த சத்தம்தான் காதை விட்டு முதலில் போகுமாம். 'டிக்' போய்விட்டால் மிச்சம் இருப்பது 'டொப்' மட்டும்தானே. பந்து மாறவில்லை, அதன் பேச்சில் பாதி அவருக்கு வந்து சேரவில்லை. ஒன்றிரண்டு வருஷமாக வாடிக்கைக்காரர்கள் சிலர் முகம் சுளித்ததும், சிலர் வராமலே போனதும், அவர்களை ஆடத் தெரியாதவர்கள் என்று தான் திட்டியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் தாண்டி, 'இழுத்து அடிங்க' என்ற ஒரு வார்த்தை மறுபடியும் மறுபடியும் வந்தது.

பத்து நாள் கழித்து ஆடிட்டரைப் பார்க்கப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தார். வலது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. இடது கை பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் போலக் கிடந்தது. மகள் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் ஊராருடைய கணக்கையெல்லாம் எழுதிய மனிதர், வாயோரம் வழிந்ததைத் துடைக்கக்கூட மகளைப் பார்க்க வேண்டியிருந்தது.

"வாய்யா. உட்காரு." மகள் கிண்ணத்தோடு உள்ளே போனதும் சொன்னார்: "உன் பந்து மேல குறையில்ல. நீ மாத்திப் பார்த்து மாத்திப் பார்த்துக் கொடுத்தே. இந்த உடம்புதான் காலை வாரி விட்டுச்சு. சனியன் பிடிச்ச உடம்பு. ராத்திரியெல்லாம் இதைத் திட்டிக்கிட்டுத்தான் கிடக்கிறேன். மட்டையை விக்கச் சொல்லிட்டேன்."

பந்துக்காரர் வாயைத் திறந்தார். "உடம்பைப் பார்த்துக்குங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"இல்ல."

"சொல்லித்தான் ஆகணுமா? அவருக்கு இனிமே பந்து எதுக்கு? சொன்னா ஊருக்குத் தெரியும். பெயிண்ட் அடிச்ச பந்து, காதுதான் லேபிள். காது போச்சுன்னு தெரிஞ்சா யாருங்க வாங்குவா? கடை போயிடும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மூன்று நாள் அந்த நியாயத்தைப் பிடித்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார். நாலாவது நாள் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் வந்தார். பென்ஷன் வாங்கிய கையோடு மாதம் ஆறு பந்து வாங்குகிறவர், முதுகு வளைந்தவர்.

"பச்சை ஆறு கொடுங்கண்ணே. நீங்களே தட்டிக் கொடுங்க, அப்பதான் எனக்கு நம்பிக்கை."

பந்துக்காரர் பழக்கத்தில் ஒன்றை எடுத்துக் காதில் வைத்துவிட்டார். தட்டினார். டொப். தபால்காரர் கோவிலில் நிற்பது போலக் கை கட்டி நின்றார். அவருடைய ஒல்லியான மணிக்கட்டைப் பந்துக்காரர் பார்த்தார். பந்தை அட்டையில் திருப்பி வைத்தார்.

"பச்சை இல்லைங்க."

"இதோ, அட்டை அட்டையா இருக்கே?"

"அதெல்லாம் பச்சை இல்லைங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்துப் பூட்டினார். பகல் பதினொரு மணி. கடை போட்ட இத்தனை வருஷத்தில் அந்த நேரத்தில் அது பூட்டியது அதுதான் முதல் தடவை. நேரே ஆடிட்டர் வீட்டுக்கு நடந்தார்.

உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டே சொன்னார்.

"சார், உங்க உடம்பு இல்ல. பந்து தப்பு. நான் கொடுத்தது அத்தனையும் சிவப்பு. புள்ளி மட்டும் பச்சை. எனக்குக் காது போயிடுச்சு சார்."

குரல் தேவைக்கு மேல் பெரிதாக வந்தது. மகள் உள்ளேயிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். ஆடிட்டர் உதடு அசைந்தது.

"என்ன சார்?"

மறுபடியும் அசைந்தது. பந்துக்காரர் சுற்றிக்கொண்டு போய்க் குனிந்தார்.

"எத்தனை நாளான்னு கேட்டேன்."

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும் சார்."

"என்னை இழுத்து அடிக்கச் சொன்னியே."

"சொன்னேன் சார்."

"அப்போ தெரியுமா உனக்கு?"

"தெரியாது. நீங்க கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னப்பவே தெரிஞ்சிருக்கணும். கேட்டுக்கப் பிடிக்கல."

ஆடிட்டர் கூரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணோரத்திலிருந்து வழிந்தது காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையில்லை. மகள் துண்டை எடுத்துக்கொண்டு வந்தாள், அவர் தலையை அசைத்து வேண்டாம் என்றார்.

"பச்சையே கொடுத்திருந்தா தாண்டியிருக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். நூற்றுப் பத்துக் கஜம் அந்தக் கைக்கு எந்தப் பந்தாலும் ஆகாது என்று சொல்லியிருந்தால் இரண்டு பேருக்குமே கொஞ்சம் லேசாகியிருக்கும்.

"தாண்டியிருக்கும் சார். முதல் வாரமே. நீங்க மெதுவா அடிச்சப்பவே."

"அங்கிள், நீங்க கிளம்புங்க" என்றாள் மகள். அவள் குரல் அவருக்கு நன்றாகவே கேட்டது. "கிளம்புங்கன்னு சொன்னேன்."

"இரும்மா." ஆடிட்டரின் குரலில் இப்போது ஒன்றும் இல்லை. கோபம்கூட இல்லை. அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவரின் குரல். "வித்தவன் பச்சைன்னு சொல்லி வேற சரக்கைக் கொடுத்திருக்கான். கணக்கை முடிச்சிட்டுப் போகட்டும். எத்தனை டஜன்?"

"மூணு சார்."

"ஒண்ணு?"

"முப்பத்தஞ்சு."

"மொத்தம் சொல்லு."

"ஆயிரத்து இருநூத்தி அறுபது."

"எடு."

பந்துக்காரர் சட்டைப் பையில் கை விட்டார். அன்றைய கல்லாக் காசும் வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததும் சேர்ந்து இருந்தது. கசங்கிய நோட்டுகள். மகளிடம் நீட்டப் போனார்.

"அவகிட்ட இல்ல. அவளா வாங்கினா? என் கையில வை. எண்ணி வை."

இடது கை போர்வை மேல் மல்லாந்து கிடந்தது. உள்ளங்கை திறந்து, விரல்கள் பாதி மடங்கி. பந்துக்காரர் கட்டில் ஓரத்தில் முழங்காலை ஊன்றிக்கொண்டார். முதல் நோட்டை வைத்தார். கை அதைப் பிடிக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் நோட்டு தூக்கியது. அவர் தன் கட்டைவிரலால் அதை அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் அடுத்ததை வைத்தார்.

"நூறு. இருநூறு. முந்நூறு."

ஆடிட்டர் நோட்டுகளைத்தான் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை. உதடு கூடவே எண்ணியது. எட்டு நூறு ஆனதும் நூறு நோட்டு தீர்ந்து ஐம்பதுகள் வந்தன. எட்டு ஐம்பதுகள். பிறகு இருபதுகள், ஒவ்வொன்றையும் நீவி நீவி மடிப்பெடுத்து வைத்தார்.

"ஆயிரத்து இருநூத்தி இருபது. நாப்பது."

கடைசி இருபதுக்குச் சில்லறைதான் இருந்தது. ஐந்து ரூபாய்க் காசுகள் நாலு. ஒன்றன்மேல் ஒன்றாக, நோட்டுகள் பறக்காதபடி அந்த உள்ளங்கையின் நடுவில் வைத்து, விரலை எடுத்தார்.

"அறுபது, சார்."